டாப் சர்ஜரிக்குப் பிறகு தேறி வர ஏற்காட்டில் ஒரு வீடு

டாப் சர்ஜரி, அதாவது மார்பகத் திசுவை எடுத்து நெஞ்சைத் தட்டையாக்கும் அறுவை, முடித்த திருநம்பிகள் (பிறந்தபோது பெண் என்று குறிக்கப்பட்ட ஆண்கள்) யாராவது "உடம்பு தேறுகிற வரைக்கும் எங்கே தங்கலாம்" என்று கேட்டால், நான் இப்போது தயங்காமல் சொல்கிற இடம் இதுதான். ஏற்காட்டில் நாகலூர் பக்கம், காபிச் செடிகளுக்கு நடுவே ஒரு ஓட்டு வீடு, அதில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறார்கள். பெயரையும் போன் நம்பரையும் பொதுவில் போட வேண்டாம் என்று வீட்டை நடத்துகிற அம்மா கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. ஆனால் இடம் எப்படி இருக்கிறது, யாருக்கு ஒத்துவரும், எப்போது போகவே கூடாது என்பதை முழுசாக எழுதுகிறேன். வேறு ஊரில் வேறு வீடு பார்க்கிறவர்களுக்கும் எதைப் பார்த்து அறை எடுக்க வேண்டும் என்பதற்கு இது உதவும்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் இருந்து டிஸ்சார்ஜ் ஆனவுடனே நேராக மலை ஏறாதீர்கள். எனக்குச் செய்தது டபுள் இன்சிஷன், அதாவது இரண்டு பக்கமும் மார்புக்குக் கீழே நீளமாக வெட்டித் திசுவை எடுத்துவிட்டு, முலைக்காம்பைச் சின்னதாக்கி புது இடத்தில் ஒட்டுப் போட்டுத் தைப்பது. இதில் முதல் ஓரிரு நாளில் தோலுக்கு அடியில் ரத்தம் கட்ட வாய்ப்பு உண்டு. ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி இறுகினால் உடனே டாக்டர் பார்க்க வேண்டும், சிலருக்குத் திரும்பவும் தியேட்டருக்குள் போக வேண்டியிருக்கும். அப்போது நீங்கள் இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே உட்கார்ந்திருக்கக் கூடாது. நான் சென்னையில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ரூம் எடுத்துத் தங்கி, இரண்டு பக்கமும் செருகியிருந்த வடிகால் குழாய்களை எடுத்து, முலைக்காம்பு மேல் கட்டியிருந்த டிரஸ்ஸிங்கையும் பிரித்துப் பார்த்து, டாக்டர் "இனிமேல் ஊருக்குப் போகலாம்" என்று சொன்ன பிறகுதான் கிளம்பினேன். அந்தச் செலவைத் தயவுசெய்து மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

என் வீடு சேலத்திலேயே அம்மாப்பேட்டையில் இருக்கும்போது ஏன் ஏற்காடு என்று கேட்கலாம். இரண்டு காரணம். ஒன்று, எங்கள் தெருவில் ஒருத்தருக்குக் காய்ச்சல் என்றாலே நாலு பேர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து நிற்பார்கள், அவர்கள் பாசத்தில் வருகிறவர்கள்தான், ஆனால் நெஞ்சில் கட்டுப் போட்டுக்கொண்டு "என்ன ஆபரேசன்" என்ற கேள்விக்கு வாசலில் நின்று பதில் சொல்லும் தெம்பு எனக்கு அப்போது இல்லை. இரண்டாவது, வெயில். கம்ப்ரஷன் வெஸ்ட்டை ஆறு வாரம் ராத்திரி பகலாகப் போட்டிருக்கச் சொன்னார் டாக்டர். சேலத்துச் சித்திரை வெயிலில், நாற்பது டிகிரியில், அந்த இறுக்கமான துணியை நெஞ்சைச் சுற்றிக் கட்டிக்கொண்டு இருந்தால் வியர்வை உள்ளேயே தேங்கி வேர்க்குரு போடும், தையல் ஓரமெல்லாம் அரிக்கும். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். மேலே போன அன்று ராத்திரி வெஸ்ட் போட்டிருப்பதையே மறந்து தூங்கினேன்.

போகிற வழி பற்றி. சென்னையில் இருந்து சேலத்துக்குப் பஸ் வேண்டாம், குலுங்கும். ஏற்காடு எக்ஸ்பிரஸில் வந்தால் கீழ் பெர்த் கிடைத்தால் மட்டும் வாருங்கள், நடு பெர்த்தைத் தூக்கிக் கொக்கி மாட்டுவதோ மேலே ஏறுவதோ இந்த உடம்போடு முடியாத காரியம். நான் கோயம்புத்தூர் வந்தே பாரத்தில் உட்கார்ந்தபடியே வந்தேன், சீட்டைச் சாய்த்துக்கொள்ளலாம், பகல் நேரம், கூட வந்த நண்பன் பையைப் பார்த்துக்கொண்டான். சேலம் ஜங்ஷனில் இருந்து மலைக்குக் கார்தான். சீட் பெல்ட் நெஞ்சுக்குக் குறுக்கே சரியாகத் தையல் மேலேயே வரும், அதற்காக பெல்ட்டைப் போடாமல் விடக் கூடாது, ஒரு சின்னத் தலையணையை நெஞ்சுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே வைத்துக்கொண்டால் போதும். டிரைவர் அண்ணனிடம் முன்கூட்டியே "ஆபரேசன் ஆன உடம்புங்கண்ணா, மெதுவா போங்க" என்று சொன்னேன், அவர் ஒவ்வொரு வளைவிலும் அவ்வளவு நிதானமாகத் திருப்பினார். வளைவில் உடம்பு சாயும்போது மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடிக்கத்தான் கை தானாகப் போகும், அதைப் பிடிக்காதீர்கள். பக்கத்து சீட்டில் கையை ஊன்றிக்கொள்ளுங்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். ஏற்காட்டில் ரூம் தேடினால் எல்லா இடத்திலும் வியூ, கேம்ப் ஃபயர், பார்பிக்யூ என்று அடுக்குவார்கள். நம்மைப் போலத் தேற வருகிறவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. நமக்கு வேண்டியது உயரம், அதாவது எந்தப் பொருள் எந்த உயரத்தில் இருக்கிறது என்பது. பல வாரங்களுக்குக் கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது. தூக்கினால் தையல் இழுபட்டு வடு அகலமாகும், சமயத்தில் காயமே பிரியும். இதை டாக்டர் சொல்லும்போது தலையாட்டிவிடுவோம். ஆனால் ஒரு சாதாரண லாட்ஜ் அறைக்குள் போய் நின்று பாருங்கள்: கதவுத் தாழ்ப்பாள் மேலே, துணி மாட்டுகிற ஆணி மேலே, ஃபேன் ரெகுலேட்டர் மேலே, பாத்ரூமில் சோப்பு வைக்கிற பலகை மேலே, ஜன்னல் கொக்கி மேலே. ராத்திரி நிம்மதியாகக் கதவைத் தாழ் போடக்கூட நம்மால் முடியாது.

இந்த வீட்டில் அறைக் கதவு, பாத்ரூம் கதவு இரண்டிலும் இடுப்பு உயரத்தில் தனியாக ஒரு கொக்கி அடித்திருக்கிறார்கள். பழைய தாழ்ப்பாள் மேலே அப்படியே இருக்கிறது, இது புதுசு, பித்தளை இன்னும் மங்கவில்லை. துணி வைக்க அலமாரி இல்லை, கட்டில் உயரத்துக்கு ஒரு நீளமான மரப் பெஞ்சு, அதிலேயே எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொள்ளலாம். கட்டில் தலைமாட்டில் சாய்வாக ஒரு பலகையும் நாலு தலையணையும். முதல் சில வாரம் மல்லாக்க, தலைப்பக்கம் உயர்த்தித்தான் படுக்க வேண்டும், ஒருக்களித்துப் படுக்க முடியாது. சமதளமான கட்டிலில் படுத்தால் எழுந்திருக்கும்போது கையை ஊன்றித்தான் ஆக வேண்டும், ஊன்றினால் நெஞ்சுத் தசை சுண்டி இழுக்கும். இங்கே காலைத் தொங்கப்போட்டு அப்படியே எழுந்துவிடலாம். கட்டிலும் நல்ல உயரம். கம்பளி மட்டும் கனமாக இருந்தது, கேட்டதும் இரண்டு மெல்லிய போர்வையாக மாற்றிக் கொடுத்தார்கள்.

இதெல்லாம் எப்படி இவ்வளவு சரியாக அமைந்தது என்று எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு அந்த அம்மாவே சொன்னார். அவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்து ஒரு பக்கம் முழுசாக எடுத்திருக்கிறார்கள். திரும்பி வந்து தன் வீட்டிலேயே கதவைச் சாத்த முடியாமல் தவித்தபோது ஒவ்வொன்றாக மாற்றியதாம் இந்தக் கொக்கியும் பெஞ்சும். எனக்கு அதைக் கேட்டதும் பேச்சே வரவில்லை. வருஷக்கணக்காக பைண்டர் போட்டு நெஞ்சை அமுக்கி, மூச்சு வாங்கி, இந்த அறுவைக்காகப் பணம் சேர்த்து, முடிந்ததும் கண்ணாடி முன்னால் நின்று சந்தோஷத்தில் அழுதவன் நான். அவர் அதே உறுப்பை இழந்ததற்காக அழுதவர். என் சந்தோஷத்தை அவர் முன்னால் காட்டலாமா என்றே தயக்கமாக இருந்தது. அவர்தான் முந்திக்கொண்டு சொன்னார்: "எனக்கு எடுத்தப்போ நான் அழுதேன், உனக்கு எடுத்ததுல நீ சிரிக்கற, அதுல என்ன கண்ணு இருக்குது. தையல் அரிக்கறது ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், சொறியாம இரு."

அக்குளுக்குக் கீழே வைத்துக்கொள்ள அவர் தைத்துக் கொடுக்கிற குட்டித் தலையணை ஒரு ஜோடி உண்டு. இலவம்பஞ்சு, மேலே பழைய பருத்திச் சேலைத் துணி. கையைத் தொங்கவிட்டால் வெஸ்ட்டின் ஓரம் அக்குளில் உரசிப் புண்ணாகும், இதை வைத்தால் கை சற்று விலகி நிற்கும், காற்றும் போகும். கடையில் காசு கொடுத்து வாங்குகிற எதுவும் எனக்கு இவ்வளவு உதவவில்லை.

பாத்ரூமுக்கு நான் முழு மார்க் கொடுக்க மாட்டேன். கை ஷவர் இருக்கிறது, குழாயும் இடுப்பு உயரம், மேற்கத்திய டாய்லெட், உட்கார்ந்து குளிக்க ஒரு ஸ்டூல், இதெல்லாம் நல்ல விஷயம். ஆனால் கீசர் கிடையாது, வெந்நீர் வெளியே விறகு அடுப்பில் காய்ச்சி வாளியில் வருகிறது. பதினைந்து லிட்டர் வாளி நிறைந்தால் பதினைந்து கிலோ, நமக்கு மூன்று நாலு கிலோவுக்கு மேல் தூக்கவே அனுமதி இல்லை. தோட்ட வேலை பார்க்கிற அண்ணன் உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார், அவர் இல்லாத நேரத்தில் குளிக்க முடியாது. தனியாகப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குளிக்கவே டாக்டர் சொன்ன பிறகுதான், அதுவரை ஈரத்துணியால் துடைத்துக்கொள்வதுதான், தண்ணீர் நேராக நெஞ்சில் அடிக்காமல் முதுகில் விழுகிற மாதிரி உட்காருங்கள்.

ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் ஆதாரில் இன்னும் பழைய பெயரும் பழைய போட்டோவும்தான். போன வருஷம் வேறொரு மலையூரில் ஒரு லாட்ஜ் வரவேற்பில் அந்தக் கார்டை மூன்று பேர் கைமாற்றிப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து, கடைசியில் "ரூம் இல்லை" என்று அனுப்பிய அனுபவம் எனக்கு உண்டு. இங்கே அந்த அம்மா நகலை வாங்கி ஃபைலில் வைத்தார், நோட்டைத் திறந்தார், "கூப்பிடற பேரு என்ன தம்பி, அதையும் பக்கத்துல எழுதிக்கறேன்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லோருக்கும் நான் தம்பி, இல்லாவிட்டால் கண்ணு. சமையலுக்கு வருகிற அக்கா ஒரு நாள் என் வெஸ்ட்டைப் பார்த்து "நெஞ்சுல அடிபட்டுருச்சுங்களா தம்பி" என்று கேட்டார், ஆபரேசன் என்றேன், "ஐயோ சாமி, அப்ப காரம் கம்மியா போடறேன்" என்று போய்விட்டார். விளக்கம் சொல்ல வேண்டியிராத ஒரு வீடு காயம் ஆறும் காலத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்பது போய் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

சாப்பாடு எளிமையானது, நல்லது. வலி மாத்திரையில் சிலது மலச்சிக்கலைக் கொண்டுவரும், அதுவும் முக்க முடியாத நிலைமையில் அது பெரிய அவஸ்தை, சமையல் அக்காவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். காலையில் பப்பாளியோ கொய்யாவோ, மதியம் ஒரு கீரை, ராத்திரி சில நாள் சாமைச் சோறும் கொள்ளுக் கடைசலும். காயம் ஆற புரதம் வேண்டும் என்பதால் தினம் இரண்டு முட்டை கேட்டு வாங்கினேன், அதற்குத் தனிக் காசு வாங்கவில்லை. காபி அவர்கள் தோட்டத்துக் கொட்டையை வறுத்து அரைத்தது. நன்றாக இருந்தது, ஆனால் சிக்கரி இல்லாத காபி பிடிக்காதவர்களுக்குக் கொஞ்சம் லேசாகத் தோன்றும். சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நிக்கோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கும், ஒட்டு வைத்த முலைக்காம்பு பிடிக்காமல் போக அது ஒரு முக்கியமான காரணம். வீட்டுக்குள்ளும் தோட்டத்திலும் புகைக்க விடமாட்டார்கள், நல்லதாகப் போயிற்று.

உடை விஷயத்தில் மலைக்குக் கொண்டுபோக வேண்டியது: முன்பக்கம் பட்டன் வைத்த சட்டைகள், ஜிப் வைத்த ஜெர்கின், எலாஸ்டிக் வைத்த டிராக் பேன்ட். தலை வழியாகப் போடுகிற ஸ்வெட்டர் பயன்படாது. வெஸ்ட் இரண்டு வேண்டும், ஏனென்றால் ஏற்காட்டில் மூடுபனி நாளில் துவைத்த துணி சீக்கிரம் காயாது. வெயில் வந்தால் வெற்று மார்போடு திண்ணையில் உட்கார ஆசை வரும், எனக்கும் வந்தது, வாழ்க்கையில் முதல் தடவை முடிகிற காரியம் அல்லவா. ஆனால் வடு மேல் வெயில் பட்டால் கறுத்துவிடும், அது மங்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும், அதுவும் உயரமான இடத்தில் குளிர்வதால் வெயில் உறைக்காதே தவிர புற ஊதாக் கதிர் அதிகம். சட்டை போட்டுக்கொண்டே உட்காருங்கள், பட்டனைத் திறந்துவிட்டு நிழலில் காற்று வாங்குங்கள்.

நடப்பதற்கு வீட்டைச் சுற்றிலும் மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே சமமான ஒற்றையடிப் பாதை உண்டு. தினம் மெதுவாக நடக்க வேண்டும், படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறைய வாய்ப்பு இருக்கிறது. பகோடா பாயின்ட், லேடீஸ் சீட், சேர்வராயன் கோயில் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஏரியில் படகுத் துடுப்புப் போடும் நினைப்பே வேண்டாம்.

இன்னொன்று, இதைப் பற்றி யாரும் எனக்கு முன்னால் சொல்லவில்லை. இவ்வளவு ஆசைப்பட்டுச் செய்த பிறகும் சில நாள் காரணமே இல்லாமல் மனசு கீழே போகும். மயக்க மருந்து, வலி, தூக்கமின்மை, அடுத்தவர் உதவி இல்லாமல் ஒரு தண்ணீர் பாட்டில் மூடியைக்கூடத் திறக்க முடியாத நிலைமை, எல்லாம் சேர்ந்து வருவது. அறுவை தப்பாகப் போய்விட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஒட்டு கறுத்துப் பொருக்குக் கட்டிப் பயமுறுத்தும், பொருக்கு உதிர்ந்தால் அடியில் இளஞ்சிவப்பாகத் தோல் இருக்கும், பெரும்பாலும் அப்படித்தான் ஆகும். இந்த நாட்களில் மலைமேல் தனியாக இருக்காதீர்கள். என் நண்பன் ஏற்கெனவே இந்த அறுவையைத் தாண்டி வந்த திருநம்பி, அவன் சட்டையைத் திறந்து தன் வடுவைக் காட்டி "எனக்கும் இப்படித்தான்டா இருந்துச்சு" என்று சொன்னது எனக்கு மாத்திரையைவிட வேலை செய்தது. அப்படி ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போங்கள், இரண்டாவது கட்டில் போட்டுக் கொடுப்பார்கள்.

குறைகள். சாலையில் இருந்து வீட்டுக்கு இறங்கும் கல்படி ஈரமானால் வழுக்குகிறது, பிடிமானக் கம்பி ஒரு பக்கம்தான். போன் சிக்னல் வாசல் திண்ணையில் மட்டும், அதனால் டாக்டருக்குப் போட்டோ அனுப்ப வேண்டுமானால் வெளியே வர வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கினால் குரங்கு உள்ளே வரும், என் பிஸ்கட்டும் பஞ்சு பாக்கெட்டும் போயிற்று. சனிக்கிழமை ராத்திரி பக்கத்து ரிசார்ட்டில் ஸ்பீக்கர் அலறுகிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, அவசரம் என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சேலத்துக்குத்தான் இறங்க வேண்டும், முப்பது கிலோமீட்டருக்குப் பக்கம், அதுவும் மலைப்பாதை. காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல் போனால், காயத்தில் சீழோ துர்நாற்றமோ வந்தால், ஒரு பக்கம் வீங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மூச்சு வாங்கினாலோ கெண்டைக்கால் வலித்து வீங்கினாலோ அந்த நிமிஷமே கிளம்புங்கள். அந்த அம்மாவிடம் ராத்திரியிலும் வருகிற ஒரு கார்க்காரர் நம்பர் இருக்கிறது, போன அன்றே அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை இரண்டு பேருக்கு மூன்று வேளைச் சாப்பாடும் சேர்த்து நாளைக்கு 2,400 ரூபாய். ஒரு வாரத்துக்கு மேல் இருந்தால் குறைத்துக்கொள்கிறார். ஏற்காட்டு விலைக்கு இது ரொம்பவே நியாயம்.

எப்போது போகலாம் என்றால், பிப்ரவரியில் இருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். மே மாதம் கோடை விழா நடக்கிற நாட்களில் மலைப்பாதை முழுக்க வண்டி ஊர்ந்து நிற்கும், அவசரத்துக்கு இறங்க முடியாது. ஐப்பசி கார்த்திகை அடைமழைக் காலத்தில் போகவே வேண்டாம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுபோனது நினைவிருக்கும். அறுவைத் தேதி மழைக்காலத்தில் கிடைத்திருந்தால் சேலத்திலேயே ஃபேன் நன்றாகச் சுற்றுகிற ஒரு கீழ்த்தள அறையாகப் பாருங்கள், உள்ளே போனதும் முதலில் கதவுத் தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், மேலே இருந்தால் ஒரு தச்சரைக் கூப்பிட்டு இடுப்பு உயரத்தில் ஒரு கொக்கி அடித்துத் தரச் சொல்லுங்கள்.